நாற்பத்தொரு நாள்

எங்கள் வீட்டில் பால் என்றால் இரண்டு பால். பாட்டி பேசும்போது எந்தப் பாலைச் சொல்கிறார் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும். ஒன்று ரப்பர் மரத்துப் பால், இன்னொன்று மாட்டுப் பால். தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் விடியற்காலையில் மரம் வெட்டினார். சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த நான்கு மாடுகளைக் கறந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். இரண்டு பால் மேலும் ஊருக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான்: தண்ணி கலந்திருப்பானோ?

ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் கிராணி ஒரு மிதவைக் கருவியைப் பாலுக்குள் விடுவார். அதற்கு மெட்ரோலாக் என்று பெயர். மாட்டுப் பாலைச் சோதிக்க வரும் அதிகாரியிடம் இருந்தது லாக்டோமீட்டர். இரண்டும் ஒரே தத்துவம்தான். திரவத்தின் அடர்த்திக்கு ஏற்பக் கருவி மேலே ஏறும், கீழே இறங்கும். ரப்பர் தண்ணீரைவிட லேசானது என்பதால், ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் கருவி மேலே வரும். மாட்டுப் பால் தண்ணீரைவிடக் கனமானது. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.028 முதல் 1.032 வரை இருக்கும். அதில் தண்ணீர் கலந்தால் கருவி கீழே இறங்கும். காலையில் ஒரு கருவி, மாலையில் இன்னொரு கருவி. இரண்டுக்கும் முன்னால் தாத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

“அந்தக் கண்ணாடிக் குழாய ஏமாத்த முடியாதா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஏன் முடியாது? மேல இருக்கிற ஆடைய எடுத்துட்டு அளவா தண்ணிய ஊத்துனா, அது பழைய எடத்துலயேதான் நிக்கும் பாப்பா.”

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்னது துல்லியமான இயற்பியல். கொழுப்பு லேசானது, அதை எடுத்தால் பால் கனமாகும். தண்ணீர் ஊற்றினால் கனம் குறையும். கூட்டல் கழித்தல் சரியாக இருந்தால் கருவி ‘நல்ல பால்’ என்று சாட்சி சொல்லிவிடும். பால் கெட்டிருக்கும், ஆனால் கருவியில் எந்தப் பழுதும் இருக்காது. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி ‘அடர்த்தி எவ்வளவு?’ என்பது மட்டும்தான். அதற்கு அது உண்மையாகவே பதில் சொன்னது.

“தாத்தா செஞ்சாரா?”

பாட்டி சிரித்தார். பதில் பிறகு வருகிறது.

*

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரசாயனப் பொறியியல் படித்தவள். உணவுத் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களில் கருவிகள் பொருத்துவதும், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. அவற்றில் ஒன்று புரதம் அளக்கும் கருவி. பால் மாவில் ஒரு சிட்டிகையைத் தகரத் தாளில் மடித்து உள்ளே போட்டால், ஆக்சிஜனில் எரித்து, நான்கைந்து நிமிடத்தில் திரையில் எண்ணைக் காட்டும். பக்கத்திலேயே ‘புரதம்’ என்று போட்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஆய்வக மேற்பார்வையாளர் ஒருவர் திரையைக் காட்டி, “இது புரோட்டீன் இல்லம்மா, நைட்ரஜன். மத்தது நாம பெருக்கிக்கிறது” என்றார். படித்த விஷயம்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. அந்தப் பெருக்கலின் வரலாற்றைத் தேடிப் போனபோது, அது பாட்டி சொன்ன ஆடைக் கணக்கின் பெரிய அண்ணன் என்று தெரிந்தது.

கதை ஒரு பியர் நிறுவனத்தில் தொடங்குகிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் நடத்திய ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வேதியியல் பிரிவின் தலைவர். பார்லியில் எவ்வளவு புரதம் இருக்கிறது, பியராகும் வழியில் அது என்னவாகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. புரதத்தை நேரடியாக அளப்பது கடினம். ஆனால் எல்லாப் புரதத்திலும் நைட்ரஜன் இருக்கிறது. மாவிலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் அது இல்லை. ஆகவே நைட்ரஜனை அளந்தால் போதும். பிரெஞ்சு வேதியியலாளர் டூமா 1830களிலேயே பொருளை எரித்து நைட்ரஜன் வாயுவை அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார். ஆனால் அது மெதுவானது, கைத்திறன் கேட்பது. கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை எளிமையானது. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் நைட்ரஜன் முழுக்க அம்மோனியம் உப்பாகும். காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா வரும். அதை அளந்துவிடலாம். ஒரே நேரத்தில் பல மாதிரிகளைச் செய்யலாம். அந்தக் காலத்துக்கு அதுதான் விரைவுச் சோதனை. நீண்ட கழுத்துள்ள அந்தக் கண்ணாடிக் குடுவைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கடைசிப் படி ஒரு பெருக்கல். பால் புரதத்தில் ஏறத்தாழ 15.7 சதவீதம் நைட்ரஜன். ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.38 ஆல் பெருக்கினால் புரதம். நான் பொருத்தும் கருவி டூமாவின் வழியில் எரிக்கிறது. ஆனால் அதே 6.38ஐத்தான் நானும் அதில் தட்டிவிட்டு வருகிறேன். இந்த எண்ணை வேதியியல் என்று சொல்வதைவிட ஒரு நம்பிக்கை என்று சொல்லலாம். பாலில் உள்ள நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்து வந்தது என்ற நம்பிக்கை. மாட்டின் மடியிலிருந்து வந்த பாலுக்கு அது ஓரளவு சரி. யூரியா போன்றவற்றால் வரும் ஐந்தாறு சதவீதத்தைத் தவிர மீதி புரதம்தான். மனிதக் கை பட்ட பாலைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

*

மாமாக் கடைகளில் ரொட்டி சானாய் வைத்துத் தரும் தட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே போட்டாலும் உடையாத மெலமின் தட்டு. அந்தத் தட்டின் மூலப்பொருளான மெலமினை 1834இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் முதன்முதலில் தயாரித்தார். வெள்ளைத் தூள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.6 சதவீதம், நைட்ரஜன். பால் புரதத்தில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

இனி கணக்குக்கு வருவோம். 3.2 சதவீதம் புரதமுள்ள பாலில் எட்டில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் புரதம் 2.8 சதவீதமாகக் குறையும். அதில் லிட்டருக்கு ஒரு கிராம் மெலமின் போடுங்கள். நைட்ரஜன் 0.666 கிராம் கூடும். கருவி அதை 6.38 ஆல் பெருக்கி, நான்கு கிராமுக்குச் சற்று அதிகமான ‘புரதம்’ என்று காட்டும். சதவீதத்தில் 0.4. மறுபடியும் 3.2 வந்துவிட்டது. கெல்டால் குடுவையிலும், நான் பொருத்தும் கருவியிலும், இந்தப் பால் தேறிவிடும்.

இந்தக் கணக்கை நான் கண்டுபிடிக்கவில்லை. சீனாவில் ஹெபெய் மாநிலத்தில் சிலர் இதைத் தொழிலாகவே செய்தார்கள்.

*

பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். 2004இல் சீனாவின் அன்ஹூய் மாநிலம் ஃபூயாங்கில், புரதம் மிகக் குறைவாக இருந்த போலிப் பால் மாவைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. உடல் மெலிந்து தலை மட்டும் வீங்கிய அந்தக் குழந்தைகளின் படங்கள் நாட்டையே உலுக்கின. புரதம் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு இன்னும் முக்கியமானது. 2007இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் இருந்தது தெரியவந்தது. புரதச் சோதனையை மெலமினால் ஏமாற்றலாம் என்பது 2007 நடுவிலேயே உலகத்துக்குத் தெரிந்த செய்தி. பாலில் யாரும் தேடவில்லை.

சான்லூ, ஷிஜியாசுவாங் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பால் நிறுவனம். நியூசிலாந்தின் ஃபான்டெரா நிறுவனத்துக்கு அதில் 43 சதவீதப் பங்கு. நல்ல பெயர் எடுத்த நிறுவனம் என்பதால் அதன் பொருள்களுக்கு அரசாங்கச் சோதனையிலிருந்து விலக்கே கிடைத்திருந்தது. சில மாடுகள் மட்டும் வைத்திருந்த சிறு விவசாயிகள் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுவார்கள். நிலையத்துக்காரர் மொத்தமாகச் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புவார். புரதம் குறைந்தால் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போதைய விதிப்படி பச்சைப் பாலில் குறைந்தது 2.95 சதவீதம் புரதம் வேண்டும். தீவன விலை ஏறிக்கொண்டிருந்தது. நல்ல தீவனம் இல்லாத மாட்டின் பாலில் புரதம் எங்கிருந்து வரும்?

கெங் ஜின்பிங் அப்படியொரு நிலையத்தை நடத்தியவர். சான்லூ அவருடைய பாலைப் பலமுறை திருப்பியனுப்பியது. சாங் யூஜுன் என்பவர் அதற்கு மருந்து விற்றார். மெலமினையும் மால்டோடெக்ஸ்ட்ரினையும் கலந்து ‘புரதத் தூள்’ என்று 770 டன்னுக்கு மேல் தயாரித்தார். இடையில் நின்ற சோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் ‘தேறியது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மெலமின் மட்டும் பெரியவர்கள் உடலில் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். கைக்குழந்தையின் நிலைமை வேறு. அதற்குப் பால் மாவுதான் மூன்று வேளையும் சாப்பாடு. குழந்தையின் சிறுநீரில் யூரிக் அமிலமும் அதிகம். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகின்றன. சான்லூவுக்கு முதல் புகார்கள் 2007 டிசம்பரிலேயே வந்துவிட்டன. பிறகு பல மாநிலங்களின் மருத்துவமனைகளுக்குச் சிறுநீரகக் கல்லோடு கைக்குழந்தைகள் வரத் தொடங்கின. அந்த வயதில் வரக்கூடாத நோய். மருத்துவர்கள் பெற்றோரிடம் கேட்டார்கள்: என்ன பால் கொடுக்கிறீர்கள்? என் துறைக்காரியாக இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடித்த முதல் கருவி, குழந்தைகளின் சிறுநீரகம்.

2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி, சான்லூ அனுப்பிய மாதிரிகளில் மெலமின் இருப்பது ஆய்வகத்தில் உறுதியானது. மறுநாள் நகர நிர்வாகத்துக்கும் தகவல் போனது. ஒரு வாரத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக். கடைகளிலிருந்து சரக்கைச் சத்தமில்லாமல் திரும்பப் பெறப் பார்த்தார்கள், மக்களிடம் சொல்லவில்லை. நகர நிர்வாகம் செப்டம்பர் 9 வரை மாநில அரசுக்கே தெரிவிக்கவில்லை. விஷயம் பெய்ஜிங்கை எட்டியது நியூசிலாந்து அரசாங்கத்தின் வழியாக. செப்டம்பர் 11ஆம் தேதி ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் ஜியான் குவாங்சோ என்ற நிருபர் சான்லூவின் பெயரைப் போட்டு எழுதினார். அதுவரை வந்த செய்திகளில் ‘ஒரு நிறுவனம்’ என்றுதான் இருந்தது. அன்றிரவு சான்லூ ஒப்புக்கொண்டது.

ஆகஸ்ட் 1இலிருந்து செப்டம்பர் 11 வரை நாற்பத்தொரு நாள். அத்தனை நாளும் வீடுகளில் பால் கரைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு வந்த எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. 22 நிறுவனங்களின் பால் மாவில் மெலமின் இருந்தது. சான்லூவின் ஒரு மாதிரியில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம். அரசுக் கணக்கில் ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கெங், சாங் இருவருக்கும் 2009 நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சான்லூவின் தலைவர் தியான் வென்ஹுவாவுக்கு ஆயுள் தண்டனை. தன் மகனுக்குக் கல் வந்ததால் மற்றப் பெற்றோரைத் திரட்டிய சாவ் லியன்ஹாய்க்கும் 2010இல் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம், பொது ஒழுங்கைக் கெடுத்தது.

*

அந்த செப்டம்பரில் நான் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கும் வெள்ளை முயல் மிட்டாய்தான் எனக்குத் தெரிந்த சீனப் பால் பொருள். வாயில் வைத்ததும் கரையும் அரிசித்தாள் சுற்றியிருக்குமே, அதுதான். அதில் மெலமின் இருக்கிறது என்று சிங்கப்பூர் அதிகாரிகள் அறிவித்தார்கள். அம்மா பொட்டலத்தோடு குப்பையில் போட்டுவிட்டு, “இனிமே இதத் தொடாதே” என்றார். பாட்டி மட்டும் குப்பைத் தொட்டியைப் பார்த்து, “பால்ல தட்டையா கரைச்சானுங்க?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அறிவியல்படி பாட்டியின் கேள்வி கிட்டத்தட்ட சரி.

அதன்பிறகு மெலமினைத் தேடும் விரைவுச் சோதனைகள் மளமளவென்று வந்தன. திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த பெரிய கருவிகள் துல்லியமானவை. ஆனால் விலை அதிகம், பால் நிலையத்துக்குக் கொண்டுபோக முடியாது. 2009இலேயே சீன ஆய்வாளர்கள் தங்கத் துகளை வைத்து ஒரு வழி சொன்னார்கள். நானோ அளவுத் தங்கத் துகள் மிதக்கும் கரைசல் சிவப்பாக இருக்கும். மெலமின் இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரைசல் நீலமாகிவிடும். கண்ணால் பார்த்தே சொல்லலாம், நிமிடக் கணக்கில். கர்ப்பச் சோதனை அட்டை மாதிரி, ஒரு சொட்டு விட்டால் கோடு காட்டும் அட்டைகளும் வந்தன. 2010இல் கோடெக்ஸ் அமைப்பு பன்னாட்டு வரம்பு வைத்தது: குழந்தைப் பால் மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுகளில் 2.5.

அந்த அட்டையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அழகான பொறியியல். ஆனால் அது கேட்பதும் ஒரே ஒரு கேள்விதான்: மெலமின் இருக்கிறதா? நாளைக்கு ஒருவன் நைட்ரஜன் நிறைந்த வேறொரு தூளைக் கொண்டுவந்தால் அந்த அட்டை வாயே திறக்காது.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. உண்மையான புரதத்தைத் தனியாக அளக்கும் வழி 1930களிலேயே இருந்தது. ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் ஊற்றினால் புரதம் திரிந்து அடியில் தங்கும். வடிகட்டிய தண்ணீரில் எவ்வளவு நைட்ரஜன் மிச்சம் என்று பார்த்தால், புரதமல்லாத சரக்கு மாட்டிக்கொள்ளும். மெலமின் போட்டவன் அன்றைக்கே பிடிபட்டிருப்பான். கூடுதல் செலவு ஒரு வடிகட்டும் தாளும் கொஞ்சம் நேரமும். லாரிகள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கொஞ்ச நேரத்தைத் தர யாருக்கும் மனமில்லை. வேகம் வேண்டும் என்று குறுக்குவழியில் கேட்ட கேள்விக்குத்தான் இன்னொருவன் குறுக்குவழியில் பதில் தயாரித்தான்.

இப்போது என் துறையில் இதற்கு மாற்றாக ஒரு சிந்தனை இருக்கிறது. குறிப்பிட்ட நஞ்சைத் தேடாமல், பாலின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கிடைக்கும் நிறமாலை முழுவதையும் ஆயிரக்கணக்கான நல்ல பால் மாதிரிகளோடு ஒப்பிடுவது. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று சொல்லாது. ‘இது பால் மாதிரி இல்லையே’ என்று சொல்லும். மிகக் குறைந்த அளவில் கலந்திருந்தால் தவறவிடும், சில சமயம் நல்ல பாலையும் சந்தேகப்படும். இருந்தாலும், ஒற்றைக் கேள்வியை மனப்பாடம் செய்துவிட்டு வருபவனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பரீட்சை.

சீன அரசும் ஒன்று செய்தது. 2010இல் பச்சைப் பாலுக்கான குறைந்தபட்சப் புரத அளவை 2.95இலிருந்து 2.8ஆகக் குறைத்தது. தரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். சிறு விவசாயியின் மாட்டால் எட்ட முடியாத எண்ணை வைத்தால் அவன் தூளைத்தான் தேடுவான் என்பது மறுதரப்பின் வாதம். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. நான்கு மாடு வைத்திருந்த தாத்தாவை நினைத்த பிறகு, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

*

போன தீபாவளிக்குப் பாட்டியிடம் பழைய கேள்வியை மறுபடியும் கேட்டேன். இந்த முறை சிரிக்கவில்லை.

“செஞ்சிருக்காரு. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் காசு இல்லாதப்ப செஞ்சிருக்காரு. பொய் சொல்லி என்னா ஆவப்போது?” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “ஆனா கைக்கொழந்த இருக்கிற வீட்டுக்கு மட்டும் தனித் தூக்கு. அதுல ஒரு சொட்டு விட மாட்டாரு. நான்தான் ஊத்திக் கட்டிக் குடுப்பேன்.”

இதை வைத்துத் தாத்தாவை நல்லவராக்க எனக்கு விருப்பமில்லை. மற்ற வீடுகள் காசு கொடுத்து வாங்கியது தண்ணீரைத்தான். ஆனால் தாத்தாவுக்கு எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று தெரியும். ஷிஜியாசுவாங்கில் தூளைப் போட்டவனுக்கு, நிலையத்திலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து ஆலைக்கும் போய் மாவாகும் அந்தப் பால் எந்தத் தொட்டிலுக்குப் போகிறது என்று தெரியாது. ஆலைக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆகஸ்ட் 1க்குப் பிறகு நன்றாகவே தெரியும்.

அடுத்த வாரம் ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்குப் புதுக் கருவி பொருத்தப் போகிறேன். நான்கு நிமிடத்தில் பதில் சொல்லும். பயிற்சிக் குறிப்பில் இந்த முறை ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். திரையில் வருவது நைட்ரஜன், 6.38 நாம் பெருக்குவது, சந்தேகம் வந்தால் அமிலம் ஊற்றி வடிகட்டிப் பாருங்கள் என்று. கீழே ஒரு வரி: எண் தப்பாக வந்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், அன்றைக்கே. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பெயரை அவர்கள்தான் நிரப்ப வேண்டும்.